நெடிலும் குறிலும்: கணிப்பொறி எழுப்பும் எச்சரிக்கை ஓசையின் வரலாறு

ஓசையால் செய்தி அறிவிப்பது மனித குலத்தின் மிகப் பழமையான வழக்கங்களுள் ஒன்று. அரசனின் ஆணையை முரசறைந்து ஊருக்கு உணர்த்தினர். கோயில் மணி வழிபாட்டு வேளையைத் தெரிவித்தது. பிழைப்பை நாடித் தாயகம் விட்டு வந்து தொழில் நகரங்களிற் குடியேறிய நம் முன்னோர், கடிகாரம் பாராமல் ஆலைச் சங்கின் ஒலி கேட்டே பொழுதறிந்தனர். குக்கர் எத்தனை முறை சீழ்க்கையடித்தது என்று எண்ணிப் பருப்பு வெந்ததை அறியும் நம் இல்லத்தரசிகளுக்கு, ஓசையை எண்ணிப் பொருள் காணும் கலையைப் புதிதாக எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

ஆயினும், வீட்டிலிருக்கும் கணிப்பொறி ஒருநாள் காலையில் திரை இருண்டு, ‘பீப், பீப்’ என்று கூவத் தொடங்கினால் நாம் என்ன செய்கிறோம்? திகைக்கிறோம், மின்விசையை நிறுத்துகிறோம், மீண்டும் போடுகிறோம், மீண்டும் கூவினால், பொறி கெட்டது என்று முடிவு கட்டுகிறோம். அக்கூவலுக்குப் பொருள் உண்டு என்பதும், தன் உடலின் எந்த உறுப்பில் நோய் என்பதை அப்பொறி தனக்குத் தெரிந்த ஒரே மொழியில் எடுத்துரைக்கிறது என்பதும் நம்மிற் பலர் அறியாதவை. அம்மொழி எங்ஙனம் பிறந்தது, ஏன் பல கிளைகளாகப் பிரிந்தது, இன்று ஏன் மெல்ல மறைந்து வருகிறது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

செவியால் படித்தவர்கள்

குறுகிய ஓசை, நீண்ட ஓசை என்ற இரண்டை மட்டும் கொண்டு ஒரு மொழியையே அமைக்கலாம் என்பதை உலகுக்குக் காட்டியது தந்தி. 1844ஆம் ஆண்டு அமெரிக்காவில் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மோர்ஸ் தம் தந்தியை இயக்கிக் காட்டினார். செய்தி காகித நாடாவிற் குறிகளாகப் பதியும்; அதைக் கண்ணால் படிக்க வேண்டும் என்பதே முதல் ஏற்பாடு. ஆனால் அலுவலகத்தில் அமர்ந்திருந்தவர்கள், கருவி எழுப்பும் ‘கட்கட’ ஒலியைக் கேட்டே செய்தியைப் புரிந்துகொள்ளப் பழகிவிட்டனர். காகிதம் தேவையற்றதாயிற்று, காதே போதுமானதாயிற்று. நம் நாட்டில் 1850இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் துறைமுகத்துக்கும் இடையே சோதனைத் தந்திக் கம்பி அமைந்தது. அன்று தொடங்கிய தந்திப் பணி 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் முற்றுப்பெற்றது. வீட்டில் நேர்ந்த பிறப்பையும் இறப்பையும் ஊரிலிருந்து தந்தி மூலம் அறிந்த தலைமுறை இன்றும் நம்மிடையே இருக்கிறது.

இங்கு ஒன்றை மறவாமற் கூற வேண்டும். கணிப்பொறியின் எச்சரிக்கை ஓசை மோர்ஸ் குறியீடு அன்று. அதில் எழுத்துக்கள் இல்லை, சொற்கள் இல்லை. எத்தனை ஓசை, அவற்றுள் எவை நெடில், எவை குறில், இடையில் எவ்வளவு மௌனம் என்பவையே அதன் இலக்கணம். எழுத்து இல்லாததால் அதைக் கேட்டு நேரே படிக்க இயலாது. பொருளட்டவணை ஒன்று கையில் வேண்டும். இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றினும், பின்னர் நேர்ந்த குழப்பங்களுக்கெல்லாம் இதுவே வித்து.

மான்செஸ்டரின் ஊதுகுழல்

கணிப்பொறி ஓசை எழுப்பி மனிதனிடம் முறையிடும் வழக்கம் தொடக்கக் காலத்திலேயே வந்துவிட்டது. 1951ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஃபெரான்டி நிறுவனத்தின் ‘மார்க் 1’ பொறி நிறுவப்பட்டது. அதில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. அதை ‘ஹூட்டர்’, அதாவது ஊதுகுழல், என்று அழைத்தனர். வேலை முடிந்தது, நினைவகத்தில் இலக்கங்கள் நிரம்பி வழிகின்றன, காந்த உருளையிலிருந்து செய்தியை மாற்றுகையிற் பிழை நேர்ந்தது, இவை போன்றவற்றை அறிவிக்கவே அது பயன்பட்டது. அப்பொறியின் நிரலர்களுக்கான கையேட்டை எழுதியவர் கணிதமேதை ஆலன் டூரிங். ஓசை எழுப்பும் கட்டளையை அடுத்தடுத்துத் திரும்பச் செய்தால் வெறும் ‘டிக்’ என்ற ஒலி தொடர்ச்சியான சுரமாக மாறும் என்பதை அவர் அதில் விளக்கியிருந்தார்.

கையேட்டைப் படித்த கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி என்ற பள்ளி ஆசிரியர், அந்த ஊதுகுழலையே இசைக்கருவியாக்கினார். அவர் எழுதிய நீண்ட நிரல் ஓடி முடிந்ததும், பொறி இங்கிலாந்தின் நாட்டுப்பண்ணை இசைத்தது. அதே 1951இல் பி.பி.சி. வானொலி நிலையத்தார் அதைப் பதிவு செய்தனர். பழுதுபட்டிருந்த அப்பதிவை 2016இல் நியூசிலாந்தின் கான்டர்பரி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் சீர்செய்து வெளியிட்டனர். எச்சரிக்கைக்காக வைத்த குழல் இசை பாடியதை உலகம் வியந்து பேசுகிறது. அது நாள்தோறும் செய்துவந்த பணி எச்சரிக்கையே என்பதை நாம் நினைவிற் கொள்வோமாக.

1981: மேசைமேல் வந்த பொறி

மான்செஸ்டர் பொறி ஓர் அறையை நிறைத்தது. அருகில் எப்பொழுதும் பொறியாளர் இருந்தனர். 1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த ‘5150’ என்னும் தனியாள் கணிப்பொறியின் நிலைமை வேறு. புளோரிடாவில் போகா ராட்டன் என்னும் ஊரில் டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையிற் சிறு குழுவொன்று ஓராண்டளவில் உருவாக்கியது அது. கடைக்காரரும், கணக்கரும், பள்ளி மாணவரும் பயன்படுத்தும் பொறி. பக்கத்திற் பொறியாளர் இருக்கப்போவதில்லை. ஆகவே, பொறி தன்னைத் தானே சோதித்துக்கொள்ள வேண்டும்; நோயைத் தானே சொல்லவும் வேண்டும்.

அதற்கென அப்பொறிக்குள் அழியா நினைவகத்தில் ஒரு நிரலைப் பதித்து வைத்தனர். அதற்குப் ‘பயாஸ்’ என்று பெயர். கலிபோர்னியாவைச் சேர்ந்த கேரி கில்டால் 1974ஆம் ஆண்டளவில் உருவாக்கிய ‘சி.பி.எம்.’ என்னும் இயக்குதளத்திலிருந்து வந்த பெயர் அது. மின்விசை இட்டவுடன் பயாஸ் செய்யும் முதல் வேலையே தற்சோதனை. அதைச் சுருக்கமாகப் ‘போஸ்ட்’ என்பர்.

அத்தற்சோதனை நடக்கும் முறை நம்மை வியக்க வைப்பது. மின்வழங்கி முதலில் தன் மின்னழுத்தம் சீராயிருக்கிறதா என்று பார்த்து, ‘யாவும் நலம்’ என்ற குறிப்பைத் தாய்ப்பலகைக்கு அனுப்புகிறது. அக்குறிப்பு வரும்வரை மையச் செயலி துயில்கிறது. வந்ததும், தான் எட்டக்கூடிய ஒரு மெகாபைட் முகவரிப் பரப்பின் முடிவுக்கு 16 இடங்கள் முன்னதாக உள்ள முகவரிக்குச் சென்று முதற் கட்டளையைப் படிக்கிறது. முதலிற் செயலி தன்னையே சோதிக்கிறது. பிறகு பயாஸ் எழுதப்பட்ட நினைவகத்தின் எண்களைக் கூட்டி, விடை சரியா என்று பார்க்கிறது. அடுத்து நினைவகத்தின் முதல் 16 கிலோபைட்டுகளில் எழுதிப் படித்துப் பார்க்கிறது. பின்னர் காலங்காட்டி, திரைக்கான அட்டை, விசைப்பலகை, வட்டியக்கி என ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிப் பார்க்கிறது. பானை வாங்குபவர் விரலால் தட்டிப் பார்ப்பதைப் போன்றதே இது.

இனி, நம் வினாவுக்கு வருவோம். குறையை ஏன் ஓசையாற் சொல்ல வேண்டும்? திரையில் எழுதிக் காட்டலாகாதா? காட்டலாம், திரை வேலை செய்தால்! சோதனையின் தொடக்கத்தில் திரை இன்னும் உயிர்பெறவில்லை. திரைக்கான அட்டையே பழுதாயிருந்தால், ‘திரை பழுது’ என்ற செய்தியைத் திரையில் எவ்வாறு எழுதுவது? ஒலிபெருக்கிக்கோ பெரிய துணை எதுவும் வேண்டா. ஐ.பி.எம். பொறியில் இருந்தது 2¼ அங்குலக் குறுக்களவுள்ள சிறு ஒலிபெருக்கி. காலங்காட்டிச் சில்லின் மூன்று பிரிவுகளில் ஒன்று அதற்கு நொடிக்கு ஏறத்தாழ 900 துடிப்புகள் அனுப்பும், அவ்வளவே. ஊமையான பொறியின் தொண்டையில் இறுதிவரை எஞ்சி நிற்கும் குரல் அது.

ஐ.பி.எம். வகுத்த அட்டவணை எளியது. ஒரே குறில் ஒலித்தால் யாவும் நலம். ஒரு நெடிலும் ஒரு குறிலும் ஒலித்தால் தாய்ப்பலகையிற் குறை. ஒரு நெடிலும் இரு குறிலும் ஒலித்தால் திரைக்கான அட்டையிற் குறை. இடைவிடாத ஓசையோ, ஓயாத குறில்களோ கேட்டால் மின்வழங்கியைப் பார்க்க வேண்டும். ஓசையும் இல்லை, திரையும் இல்லை என்றால் மின்சாரமே வரவில்லை என்று பொருள். மௌனத்துக்கும் அவ்வட்டவணையில் ஓர் இடம் தந்திருந்தார்கள் என்பது கருதத்தக்கது. திரை உயிர்பெற்ற பின் கண்ட குறைகளுக்கு எண்கள் தோன்றும்: நினைவகத்துக்கு 201, விசைப்பலகைக்கு 301, நெகிழ்வட்டுக்கு 601. விசைப்பலகையின் மேல் யாரேனும் புத்தகத்தை வைத்துவிட்டு மின்விசை இட்டாலும் 301 வந்துவிடும்.

பிற்காலத்துப் பயாஸ் ஒன்று, விசைப்பலகை இணைக்கப்படாதபோது ‘விசைப்பலகை இல்லை, தொடர்வதற்கு எஃப் 1 விசையை அழுத்துக’ என்று எழுதிக் காட்டியதும் உண்டு. இல்லாத பலகையில் எந்த விசையை அழுத்துவது? பொறிகளுக்கும் நகைச்சுவை உண்டு போலும்!

மொழி பல கிளையானது

ஐ.பி.எம். நிறுவனம் தன் பயாஸ் நிரல் முழுவதையும் தொழில்நுட்பக் கையேட்டில் அச்சிட்டே வெளியிட்டது. யாரும் படிக்கலாம், ஆனால் பதிப்புரிமை உள்ளதால் படியெடுக்கலாகாது. அதே வகைப் பொறியைச் செய்ய விரும்பிய பிற நிறுவனத்தார் என் செய்வர்? 1982இல் காம்பேக் நிறுவனமும், 1984இல் பீனிக்ஸ் நிறுவனமும் ஒரு வழி கண்டன. ஒரு குழுவினர் மூல நிரலைப் படித்து, அது என்ன செய்கிறது என்பதை மட்டும் குறித்துத் தருவர். மூல நிரலைக் கண்ணாலும் பாராத வேறொருவர், அக்குறிப்பைக் கொண்டு புதிய நிரலை எழுதுவார். செயல் ஒன்று, எழுத்து வேறு. சட்டத்துக்கும் குற்றமில்லை.

எச்சரிக்கை ஓசைகள் பிரிந்தது இவ்விடத்திலேதான் என்பது நம் கருத்து. ஐ.பி.எம். பொறிக்கென எழுதிய மென்பொருள்கள் புதிய பொறியிலும் ஓட வேண்டுமானால், அவை அழைக்கும் பயாஸ் பணிகள் யாவும் இம்மியும் மாறாமல் இருக்க வேண்டும். ஆனால் எச்சரிக்கை ஓசையை எந்த மென்பொருளும் கேட்பதில்லை. மனிதன் மட்டுமே கேட்கிறான். மாறினாலும் எந்த நிரலும் நிற்கப்போவதில்லை. மனிதனுக்காக அமைந்த அந்த ஒரு பகுதியே அவரவர் விருப்பம்போல் மாறிப்போயிற்று.

பீனிக்ஸ் நிறுவனம் ஓசைகளைத் தொகுதிகளாக்கியது: மூன்று, சற்று நிறுத்தி மூன்று, மீண்டும் நிறுத்தி நான்கு என்பது போல. 1985இல் சுப்பிரமணியன் சங்கர், பாட் சர்மா ஆகிய இருவர் அமெரிக்காவில் தொடங்கிய அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் நிறுவனம், எண்ணிக்கையை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது: ஒன்று முதல் பதினொன்று வரை குறில்கள். ‘ஏ.எம்.ஐ.’ என்று சுருங்க வழங்கும் அந்நிறுவனம் பின்னாளிற் சென்னையிலும் கிளை அமைத்தது. 1983இல் தோன்றி 1998இல் பீனிக்ஸோடு இணைந்த அவார்டு நிறுவனமோ, சில ஓசைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திரையில் எழுத்தாகக் காட்டுவதையே விரும்பியது.

விளைவைப் பாருங்கள். திரைப்பகுதியில் ஒரே குறை. ஐ.பி.எம்., அவார்டு பொறிகள் ஒரு நெடில், இரு குறில் என்று கூறும். ஏ.எம்.ஐ. பொறி எட்டுக் குறில் கூவும். பீனிக்ஸ் பொறி 3-3-4 என்று தட்டும். இதனினும் வியப்பு ஒன்று உண்டு. ஐ.பி.எம். பொறியில் ஒரே குறில் என்றால் ‘யாவும் நலம்’, ஏ.எம்.ஐ. நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி, திரை வராமல் ஒரே குறில் ஒலித்தால் ‘நினைவகப் புதுப்பிப்பிற் குறை’. ஒரே சொல் ஓர் ஊரில் வாழ்த்தாகவும் மற்றோர் ஊரில் வசையாகவும் இருப்பதை, ஊர் ஊராக மாற்றலாகி வந்த நம் குடும்பங்கள் நன்கறியும்.

நம் நாட்டிற் குழப்பம் இன்னும் மிகுந்தது. 1984ஆம் ஆண்டு நவம்பரில் மத்திய அரசு வகுத்த புதிய கணிப்பொறிக் கொள்கையால் இறக்குமதி எளிதாயிற்று. தில்லி நேரு பிளேஸிலும், பம்பாய் லாமிங்டன் சாலையிலும், சென்னை ரிச்சி தெருவிலும் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி இணைத்துத் தரும் கடைகள் பெருகின. ‘அசெம்பிள்டு’ என்று நாம் அழைக்கும் அப்பொறிகளே நடுத்தரக் குடும்பங்களிற் கணிப்பொறியைக் கொண்டுவந்து சேர்த்தன. அவற்றைப் பழிப்பது நன்றி மறந்த செயலாகும். ஆனால், தாய்ப்பலகையோடு வந்த சிறு கையேடு பெரும்பாலும் வாங்கியவரின் வீடு வந்து சேர்ந்ததில்லை. பொறி வந்தது, அதன் மொழிக்குரிய அகராதி வரவில்லை.

நம் காலனியில் நிகழ்ந்தது

இதன் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு, நம் காலனி அறிந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்த காலம். இரண்டு குழந்தைகள் படிக்கும் ஒரு வீட்டில் பழைய கணிப்பொறி ஒன்றே இருந்தது. குடும்பத் தலைவரின் ஊதியமோ பாதியாகியிருந்தது. தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில், ஒரு காலை பொறி திரை காட்டாமல் அலறியது. தொலைபேசியில் விசாரித்தபோது, பழுது பார்ப்பவர் ஒருவர், ‘போர்டு போய்விட்டது, புதிதாகத்தான் வாங்க வேண்டும்’ என்று கூறிவிட்டார். அந்தத் தாய்க்கு அன்று அடுப்பு மூட்டவும் மனம் வரவில்லை.

அடுத்த வீட்டில் தந்தி அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். நோய்க்கு அஞ்சி எவரும் எவர் வீட்டுக்கும் செல்லாத நாட்கள் அவை. அப்பெண்மணி கைப்பேசியைப் பொறியருகே பிடித்துக்கொண்டார்.

“மாமா, கேட்கிறதா?”

“கேட்கிறது அம்மா. நெடிலாகவே வருகிறது. குறில் ஒன்றும் இல்லை. நிறுத்தி மறுபடியும் போடு, பார்ப்போம்... ஆம், அதே ஓசைதான்.”

பெரியவருக்குக் கணிப்பொறி தெரியாது, காது தெரியும். அவர் சொன்னதைக் குறித்துக்கொண்ட மாணவன் ஒருவன், தாய்ப்பலகையின் பெயரைக் கேட்டறிந்து அதற்குரிய கையேட்டைத் தேடிப் படித்தான். திரும்பத் திரும்ப நெடில் வந்தால் நினைவக அட்டை சரியாகப் பொருந்தவில்லை அல்லது பழுது என்று அதில் இருந்தது. மின்கம்பியைக் கழற்றிவிட்டு, அட்டையை எடுத்து, அதன் பொன்னிற விளிம்பிற் படிந்திருந்த அழுக்கை எழுதுகோல் அழிப்பானால் மெல்லத் துடைத்து, மீண்டும் அழுத்திப் பொருத்தினர். மின்விசை இட்டதும் ஒரே ஒரு குறில். திரை ஒளிர்ந்தது. செலவு ஒரு காசும் இல்லை.

எல்லா வீட்டிலும் இவ்வளவு எளிதாக முடியும் என்று நாம் கூறவில்லை. அட்டையே எரிந்திருந்தால் புதியது வாங்கத்தான் வேண்டும். ஆயினும் ஓர் உறுப்புக்கான செலவு வேறு. முழுப் பொறிக்கான செலவு வேறு. அவ்விரண்டுக்கும் இடையே நின்றது ஓர் ஓசையின் பொருள்.

இசையாகவும் ஒளியாகவும்

வேறு நிறுவனத்தார் வேறு வழிகளிற் சென்றனர். ஆப்பிள் நிறுவனம் 1984இல் வெளியிட்ட மக்கின்டாஷ், குறை கண்டால் வருந்தும் முகமுடைய சிறு படத்தைக் காட்டியது. 1987இல் வந்த ‘மக்கின்டாஷ் 2’ முதல், குறைக்கெனத் தனி இசைத் தொடர் ஒலித்தது. பயன்படுத்தியவர்கள் அதற்குச் ‘சாவு மணி’ என்று பெயரிட்டனர். நலமாகத் துயிலெழுவதை அறிவிக்க ஜிம் ரீக்ஸ் என்ற ஒலிப் பொறியாளர் அமைத்த சி மேஜர் சுரக்கூட்டு, 1991இல் வெளிவந்த குவாட்ரா பொறிகளில் இடம்பெற்றுப் புகழ்பெற்றது. 2016 முதல் வந்த புதிய மடிக்கணினிகளில் அந்நிறுவனம் துயிலெழும் ஓசையை நீக்கியது. 2020இல் மீண்டும் கொண்டுவந்தது.

மேசைக் கணிப்பொறிகளில் ஓசை மெல்லத் தேய்ந்தது. ஒலிபெருக்கி சிறுத்து, விரல்நுனியளவு ‘பஸர்’ ஆயிற்று. பின்னர் அதுவும் நீங்கி, தாய்ப்பலகையில் அதைச் செருகுவதற்குரிய நான்கு ஊசிகள் மட்டும் எஞ்சின. 1984இல் வந்த ஐ.பி.எம். ‘ஏ.டி.’ பொறி முதல், சோதனையின் ஒவ்வொரு படியையும் ஓர் எண்ணாக வெளியிடும் முறையும் உண்டு. அவ்வெண்ணைக் காட்டும் ‘டீபக் கார்டு’ பழுது பார்க்கும் கடைகளில் இன்றும் பயன்படுகிறது. 2005இல் நிறுவப்பட்ட யூ.இ.எஃப்.ஐ. மன்றம் பழைய பயாஸுக்கு மாற்றான புதிய முறையை வளர்த்தது. இன்று பல பொறிகள் கண்சிமிட்டுகின்றன. டெல் மடிக்கணினிகள் பலவற்றில் விளக்கு இருமுறை மஞ்சளாகவும் மும்முறை வெண்மையாகவும் சிமிட்டினால் நினைவகத்தைக் காணவில்லை என்று பொருள். லெனோவோ பொறிகள் சில, சிறு இசைத்துணுக்கு ஒன்றை எழுப்புகின்றன. அதைக் கைப்பேசிச் செயலி கேட்டுப் பொருள் கூறுகிறது. கேட்கும் வேலையையும் மனிதனிடமிருந்து மற்றொரு பொறி எடுத்துக்கொண்டது!

ஒளி ஓசையைவிட அமைதியானது. நூலகத்திலும் மருத்துவமனையிலும் அது நன்றே. ஆனால் கண்பார்வை அற்றவர்களை எண்ணிப் பாருங்கள். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள், இயக்குதளம் முழுவதும் எழுந்த பின்னரே பேசத் தொடங்கும். அதற்கு முன் நிகழ்வதை அவர்களுக்கு உணர்த்தியது அந்த ஒற்றைக் குறிலே. ‘நலமாக எழுந்துவிட்டேன்’ என்று பொறி சொன்ன ஒரே சொல் அது. விளக்கு எந்நிறத்தில் எத்தனை முறை சிமிட்டினும் அவர்களுக்கு அது மௌனமே. முன்னேற்றம் என்று நாம் அழைப்பது யாரை விட்டுவிட்டு முன்னேறுகிறது என்ற வினா இங்கே எழாமல் இல்லை.

நாம் செய்யத் தகுவன

வரலாற்றைக் கூறி நிறுத்துவதினும், அதனாற் பெறும் பயனைக் கூறி முடிப்பதே ஆண்டு மலருக்கு அழகு. பொறி கூவினால் உடனே நிறுத்தாமல், ஒருமுறை முழுவதும் கேளுங்கள். நெடில் எத்தனை, குறில் எத்தனை, இடைவெளி எங்கே என்று எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக் குழந்தையிடம் இவ்வேலையை ஒப்படைத்தால் விருப்பத்தோடு செய்யும். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்துகொள்வது இன்னும் நன்று. பிறகு, அண்மையில் எதைக் கழற்றினோம், எதைச் செருகினோம், விசைப்பலகையின் மேல் ஏதேனும் அழுத்திக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பொறிக்கோ தாய்ப்பலகைக்கோ உரிய கையேட்டையே பாருங்கள். வேறொரு நிறுவனத்தின் அட்டவணையைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். பொறியின் வயிற்றைத் திறப்பதற்கு முன் மின்கம்பியைக் கழற்றுங்கள். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணத்தாலும் திறக்க வேண்டா. மின்கம்பியைக் கழற்றிய பின்னும் அதனுள் அழுத்தம் தங்கியிருக்கும். பழுது பார்ப்பவரிடம் ‘கெட்டுவிட்டது’ என்று கூறாமல், ‘ஒரு நெடில், இரு குறில் கேட்கிறது’ என்று கூறிப் பாருங்கள். அவர் தரும் மறுமொழியே மாறும்.

மற்றொரு வேண்டுகோளும் உண்டு. புதுப் பொறி வாங்குவோர், அதனோடு வரும் சிறு கையேட்டைக் கேட்டுப் பெறுங்கள். முதற் பக்கத்தில் பொறியின் பெயரையும் வாங்கிய நாளையும் குறித்து வையுங்கள். பயன்பாடு முடிந்த கையேடுகளைப் பழைய காகிதத்தோடு எடைக்குப் போடாமல் நம் சங்க நூலகத்துக்குத் தந்தால், ஓர் அலமாரித் தட்டு அவற்றுக்கென ஒதுக்கி வைக்கலாம். இன்று ஒருவர் வீட்டில் ஓய்ந்த பொறியின் மொழி, நாளை மற்றொருவர் வீட்டில் தேவைப்படும்.

ஓசை அழிவதில்லை, அதன் பொருளை அறிந்தவர் குறைவதே அழிவு. தாயகத்திலிருந்து நெடுந்தொலைவில், வேற்றுமொழி சூழ்ந்த ஊரில், பேச்சின் பொருள் பிள்ளைகளுக்கு மாறாமற் சென்று சேர வேண்டுமே என்று ஆண்டுதோறும் கூடி விழாவெடுக்கும் நமக்கு இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வீட்டு மூலையில் இருக்கும் பொறி அடுத்த முறை குரல் எழுப்புகையில், அதைச் சற்றுப் பொறுமையோடு செவிமடுப்போம். எண்ணிப் பார்த்து, பொருள் உணர்ந்து, பிறகு செயற்படுவோம்.